சென்டிமீட்டர் கணக்கில் வந்த எச்சரிக்கை: வயோண்ட், 1963

வயோண்ட் அணை இன்றும் நிற்கிறது. இத்தாலியின் வடகிழக்கில், வெனிஸுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கு நடுவே 261.6 மீட்டர் உயரத்துக்கு எழுந்த கான்கிரீட் வளைவு அது. 1963 அக்டோபர் 9 இரவு 10.39 மணிக்கு அதன் மேலே ஏறித் தாண்டிய தண்ணீர், கீழே பியாவே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த லோங்கரோனே ஊரைச் சில நிமிடங்களில் இல்லாமல் ஆக்கியது. 1,917 பேர் இறந்தார்கள். அணைக்கு உச்சி விளிம்பில் கொஞ்சம் சேதம், அவ்வளவுதான். இடிந்து விழுந்தது அதன் பின்னால் இருந்த மலை.

இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் "எச்சரிக்கையை அலட்சியம் செய்தார்கள்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அலட்சியம் செய்தவர்கள் மலையை நாள்தோறும் அளந்துகொண்டிருக்க மாட்டார்கள். இங்கே மூன்று ஆண்டுகள் அளந்தார்கள், கவனமாகவே அளந்தார்கள். அந்த அளவுகளுக்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்கள். அந்த விளக்கம் இரண்டு முறை பலித்தது. மூன்றாம் முறை ஊர் போனது. அந்த விளக்கம் எப்படி உருவானது, ஏன் அவ்வளவு நம்பும்படி இருந்தது என்பதுதான் வயோண்டில் உண்மையாகப் பார்க்க வேண்டியது என்று நினைக்கிறேன்.

இடமும் திட்டமும்

வயோண்ட் ஒரு சிறிய மலையாறு. ஆழமான, ஒடுங்கிய இடுக்கு வழியாக ஓடி பியாவேயில் சேர்கிறது. அந்த இடுக்கின் வாய்க்கு நேர் எதிரே, பியாவேயின் மறுகரையில் லோங்கரோனே. இடுக்கின் மேல்பக்கம் பள்ளத்தாக்கு அகன்று விரிகிறது. அங்கே வடகரையில் எர்த்தோ, காஸ்ஸோ என்று இரண்டு மலையூர்கள், தென்கரையில் டோக் மலையின் சரிவு. அந்தச் சரிவில் புல்வெளிகளும் தோட்டங்களும் சில குடியிருப்புகளும் இருந்தன.

வெனிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சாடே என்ற தனியார் மின்நிறுவனம், பியாவே படுகையில் இருந்த தன் நீர்த்தேக்கங்களைச் சுரங்கக் குழாய்களால் ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டிருந்தது. அத்தனைக்கும் பொதுவான பெரிய சேமிப்புத் தொட்டியாக வயோண்ட் இருக்கும் என்பது திட்டம். வடிவமைத்தவர் பொறியாளர் கார்லோ செமென்ட்ஸா. அடியில் சுமார் 22 மீட்டர் தடிமன், உச்சியில் மூன்றரை மீட்டர்கூட இல்லை. அந்த வகையில் அப்போது உலகிலேயே உயரமான அணை. வேலை 1957இல் தொடங்கியது, 1960 தொடக்கத்தில் தண்ணீர் தேக்க ஆரம்பித்தார்கள். முழுமையாக நிரம்பினால் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 722.5 மீட்டர். இந்தக் கட்டுரையில் வரும் மட்டங்கள் எல்லாம் அப்படிக் கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்டவையே.

இரண்டு பக்கமும் பாறை உறுதியாக இருக்கும் இடத்தில்தான் அணை கட்டினார்கள். அதில் தவறு ஏதும் நேரவில்லை என்பதற்கு அந்த அணையே சாட்சி. ஆனால் ஒரு நீர்த்தேக்கத்தைத் தாங்குவது அணை மட்டும் கிடையாது. சுற்றியுள்ள எல்லாக் கரைகளும் அதைத் தாங்க வேண்டும். கரைகளைப் பற்றிய ஆய்வு, அணை எழுந்துகொண்டிருந்தபோதுதான் தீவிரமானது.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1959 மார்ச் 22 அன்று, அதே நிறுவனத்தின் பொந்தேசெய் நீர்த்தேக்கத்துக்குள் சுமார் 30 லட்சம் கன மீட்டர் மண்ணும் பாறையும் சரிந்து விழுந்தன. எழுந்த அலையில் ஒரு காவல் பணியாளர் இறந்தார். அந்த இடம் வயோண்டுக்கு அருகிலேயே இருக்கிறது.

மகன் கண்டுபிடித்தது

பொந்தேசெய்க்குப் பிறகு, ஆஸ்திரியப் பாறைப் பொறியியல் நிபுணர் லியோபோல்ட் முல்லரின் யோசனைப்படி வயோண்ட் கரைகளை விரிவாக ஆராய ஏற்பாடானது. அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் எதோவார்தோ செமென்ட்ஸா. நிலவியலாளர், அணையை வடிவமைத்த கார்லோவின் மகன்.

எதோவார்தோ டோக் மலையை நடந்தே பார்த்தார். வடகரையில் தனித்து நின்ற ஒரு பாறைக் குன்று அவர் கண்ணில் உறுத்தியது. அதன் அடுக்குகள் அது நிற்கும் கரையோடு பொருந்தவில்லை, எதிரே இருந்த டோக் மலையோடு பொருந்தின. அப்படியென்றால் எப்போதோ, மனிதர் யாரும் எழுதி வைக்காத காலத்தில், டோக் மலையின் ஒரு பெரும் பகுதி பெயர்ந்து பள்ளத்தாக்கை அடைத்திருக்கிறது. பிறகு ஆறு அந்த அடைப்பை அறுத்துப் புது வழி எடுத்தபோது ஒரு துண்டு மறுகரையில் தங்கிவிட்டது. மீதி, தென்கரையில் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு, பழைய சறுக்குத் தளத்தின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதன் அடிப்பகுதியைத்தான் ஏரித் தண்ணீர் தொடப்போகிறது. 1960 ஜூனில் அவரும் உடன் ஆய்வு செய்த பிராங்கோ ஜூதிச்சியும் தந்த அறிக்கை இதைச் சொன்னது.

அந்தப் பொருந்தாத குன்றை நான் இந்த நிகழ்வின் மிக முக்கியமான சான்றாகவே கருதுகிறேன். கருவி எதுவும் இல்லாமல், வெறும் கண்ணும் காலும் கொண்டு கிடைத்த சான்று அது.

எதிர்வாதமும் இருந்தது, அதுவும் அறிவியலிலிருந்தே வந்தது. புவியியற்பியலாளர் பியேத்ரோ கலோய் 1959 இறுதியில் நில அதிர்வு அலைகளை அனுப்பிச் சோதித்தபோது, மேலே 10 முதல் 20 மீட்டர் தளர்ந்த பொருள், அதற்குக் கீழே மிகவும் உறுதியான பாறை என்று முடிவு வந்தது. துளையிட்டுப் பார்த்தவர்களுக்கும் சறுக்குத் தளம் சிக்கவில்லை. அனுபவம் மிக்க மூத்த நிலவியலாளர்களும் பெரிய சரிவுக்கு வாய்ப்பில்லை என்றே கருதினார்கள். ஒரு இளைஞரின் கள ஆய்வு ஒரு பக்கம், கருவிகளும் மூப்பும் மறுபக்கம். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

மலை ஒரு கோடு போட்டது

1960 நவம்பர் 4. நீர்மட்டம் 650 மீட்டர் அளவில் இருந்தபோது டோக் மலையின் அடியிலிருந்து சுமார் 7 லட்சம் கன மீட்டர் ஏரிக்குள் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. அதே நாட்களில் அதைவிடப் பெரிய செய்தி மலையின் மேலே வந்தது. சரிவின் உச்சியில் 'M' வடிவில் ஒரு விரிசல் திறந்தது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். எதோவார்தோ வரைபடத்தில் குறித்திருந்த பழைய சரிவின் எல்லையோடு அது ஏறக்குறைய ஒத்துப்போனது. நாளுக்கு மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் மலை நகர்ந்துகொண்டிருந்தது.

இதற்குப் பிறகு சாடேயில் யாரும் சரிவு இல்லை என்று சொல்லவில்லை. கலோயும் மறுபடி சோதித்தார். ஓராண்டுக்கு முன் உறுதி என்று தெரிந்த பாறை இப்போது ஆழம் வரை நொறுங்கியிருந்தது. 1961 பிப்ரவரியில் முல்லர் தந்த அறிக்கை, நகர்வது சுமார் 20 கோடி கன மீட்டர் என்று மதிப்பிட்டது. அவ்வளவு பெரிய பொருளை நிறுத்த எந்த வழியும் கைக்கு எட்டியதாக இல்லை, நீர்மட்டத்தை வைத்து அதன் நகர்வைக் கட்டுப்படுத்திப் பார்க்கலாம் என்பதே அவர் கருத்து.

இரண்டு வேலைகள் நடந்தன. ஏரியை 600 மீட்டருக்கு இறக்கினார்கள், நகர்வு ஏறக்குறைய நின்றது. அப்புறம், மலை விழுந்து ஏரியை இரண்டாகப் பிரித்துவிட்டாலும் மேல்பக்க நீர் அணைக்கு வந்து சேரும்படி, எதிர்க்கரைப் பாறைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கம் வெட்டினார்கள். அந்தச் சுரங்கம் எனக்கு மிகவும் கனமான ஒரு சான்று. மலை விழும் என்று ஏற்றுக்கொண்டவர்கள்தான் அப்படி ஒன்றைக் கட்டுவார்கள். மெதுவாக, சொல்பேச்சு கேட்டு விழும் என்று மட்டும் நம்பினார்கள்.

இரண்டு முறை பலித்த விளக்கம்

1961 அக்டோபரில் கார்லோ செமென்ட்ஸா இறந்தார். பொறுப்பு அல்பெரிகோ பியாதேனேயிடம் வந்தது. அந்த மாதத்தில் நீர்மட்டத்தை மறுபடி உயர்த்தத் தொடங்கினார்கள்.

ஏரி 650ஐத் தாண்டியபோது, முன்பு அதே மட்டத்தில் நாளுக்கு மூன்று சென்டிமீட்டர் நகர்ந்த மலை, இந்தத் தடவை அசையவே இல்லை என்று சொல்லலாம். 1962 நவம்பரில் 700 மீட்டர். இப்போது நகர்வு ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டியது. தண்ணீர் 50 மீட்டர் உயரம் கூடியிருக்கிறது, வேகமோ முன்பைவிடக் குறைவு. பிறகு 650க்கு இறக்கினார்கள், நகர்வு நின்றது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் யாருக்கும் தோன்றக்கூடிய விளக்கம் ஒன்று உண்டு. பாறை முதல்முறை நனையும்போது மட்டும் நகர்கிறது, நனைந்த பகுதி ஒருமுறை அமர்ந்துவிட்டால் அடுத்த முறை அசையாது. ஆகவே படிப்படியாக ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினால் முழு மலையையும் அமர வைத்துவிடலாம். நீர்மட்டம் ஒரு குழாய்த் திருகு மாதிரி. திருப்பினால் மலை நகரும், மூடினால் நிற்கும்.

முட்டாள்தனமான எண்ணம் என்று இதை ஒதுக்க முடியாது. தரவு இதற்குச் சாதகமாக இருந்தது, ஒரு முழுச் சுற்றும் சொன்னபடியே நடந்தது. குறை எங்கே என்றால், அவர்கள் பார்த்த காரணி ஒன்றே ஒன்று, ஏரியின் மட்டம். மலைக்குத் தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது: அடியிலிருந்து ஏரி, மேலிருந்து மழை. டோக் மலையின் உயரத்தில் பெய்யும் மழை, பிளவுபட்ட சுண்ணாம்புப் பாறை வழியாக ஆழம் வரை இறங்கி, சறுக்குத் தளத்துக்கு அருகே அழுத்தமாகத் தேங்குகிறது. அந்த அழுத்தம் மேலே உள்ள பாறையைக் கீழிருந்து தூக்குகிறது, பிடிமானம் தளர்கிறது. 1985இல் ஹென்ட்ரனும் பேட்டனும் பழைய தரவுகளை எல்லாம் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, ஏரி மட்டத்தையும் அதற்கு முந்தைய வாரங்களின் மழையையும் சேர்த்து வைத்தால்தான் நகர்வு புரிகிறது என்று காட்டினார்கள். மழை அதிகமான காலத்தில் குறைந்த மட்டமே மலையை அசைத்துவிடும், மழை குறைந்தால் உயர்ந்த மட்டத்தையும் தாங்கும். முதல் நனைப்பு என்று ஒரு தனி விதி தேவைப்படவே இல்லை.

மழையளவு அப்போதும் பதிவாகிக்கொண்டுதான் இருந்தது. பாறைக்குள் நீர்மட்டம் பார்க்கத் துளைகளும் போட்டிருந்தார்கள். நான்கே துளைகள். அவற்றில் ஒன்றில் நீர் ஏரியைவிட மிகவும் உயரத்தில் நின்றது. மலைக்குள்ளே வேறொரு நீர் இருக்கிறது என்று சொன்ன ஒரே குரல் அது. அதை யாரும் பின்தொடரவில்லை.

சரளைக் கற்களால் ஒரு மலை

மலை விழுந்தால் அலை எவ்வளவு எழும்? இதற்கும் சோதனை செய்தார்கள். பாதுவா பல்கலைக்கழகத்தின் நீரியல் பேராசிரியர் அகுஸ்தோ கெத்தி, விற்றோரியோ வெனேத்தோ அருகே நோவே என்ற இடத்தில் 200இல் ஒரு பங்கு அளவில் ஏரியின் மாதிரியைக் கட்டினார். சரிவுக்கு உருண்டைச் சரளைக் கற்கள். 1962 ஜூலையில் வந்த முடிவு: நீர்மட்டம் 700 மீட்டராக இருந்தால், எதிர்பார்க்கக்கூடிய மிக மோசமான சரிவிலும் அணைக்குக் கீழே ஆபத்து இல்லை.

சரளைக் கற்கள் விழும்போது சிதறும், இடையில் தண்ணீர் புகுந்து போகும். டோக் மலையில் இருந்தது 250 மீட்டர் வரை தடிமனான, ஒட்டிக்கொண்டிருந்த பாறைப் பலகை. மாதிரியில் அது பகுதி பகுதியாக வரும் என்றும் கருதியிருந்தார்கள். கேட்ட கேள்விக்கு மாதிரி சரியான பதிலைத்தான் தந்தது, கேள்வி வேறு மலையைப் பற்றியது. ஆனாலும் 700 என்ற எண் நிலைத்துவிட்டது. அரசுக் கண்காணிப்புக் குழுவுக்கு அந்த அறிக்கை போய்ச் சேரவில்லை. நிறுவனத்துக்குள் மட்டும் அது பாதுகாப்பு எல்லையாக ஆனது.

மூன்றாம் முறை

1962 டிசம்பரில் இத்தாலி மின்துறையை நாட்டுடைமை ஆக்கியது. 1963இல் வயோண்ட், எனெல் என்ற அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆட்கள் அதே ஆட்கள். ஏப்ரலில் மூன்றாவது நிரப்பல். 700ஐத் தாண்டினார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் 710.

விளக்கப்படி, புதிதாக நனைந்த அந்தப் பத்து மீட்டர் கொஞ்சம் நகர்ந்துவிட்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை. மழையும் சேர்ந்துகொண்டது. செப்டம்பர் மாதத்தில் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர், இரண்டு, அதற்கும் மேல். மாத இறுதியில் தண்ணீரை இறக்கத் தொடங்கினார்கள், நாளுக்கு ஒரு மீட்டர் போல. முன்பு இரண்டு தடவையும் இறக்கியதும் மலை நின்றது. இப்போது இறக்க இறக்க வேகம் கூடியது. ஏரி இறங்கினாலும் பாறைக்குள் ஏறிய நீர் அதே வேகத்தில் வடிந்துவிடாது. மலையைத் தாங்கி நின்ற ஏரியின் எடை மட்டும் குறைகிறது.

அக்டோபர் 8 அன்று டோக் மலைச் சரிவில் குடியிருந்தவர்கள் வெளியேற உத்தரவு வந்தது. 9ஆம் தேதி நகர்வு நாளுக்கு 20 சென்டிமீட்டர். மரங்கள் சாய்ந்தன, சாலையில் பிளவுகள் வாய் திறந்தன. அன்று மாலை நீர்மட்டம் 700 மீட்டரை எட்டியது. பாதுகாப்பானது என்று மாதிரிச் சோதனை சொன்ன அதே எண். லோங்கரோனேயை யாரும் காலி செய்யச் சொல்லவில்லை.

அன்று இரவு தொலைக்காட்சியில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து ஆட்டம், ரியல் மாட்ரிட்டும் ரேஞ்சர்ஸும். பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்தும் ஆட்கள் தொலைக்காட்சி இருந்த மதுக்கடைகளைத் தேடி லோங்கரோனேக்கு வந்திருந்தார்கள்.

10.39க்கு 27 கோடி கன மீட்டர் பாறை, இரண்டு கிலோமீட்டர் அகலத்துக்கு, ஒரே துண்டாக இறங்கியது. வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரை ஒட்டி. ஒரு நிமிடத்துக்குள் ஏரியின் அணைப்பக்கப் பகுதி முழுவதும் பாறையால் நிரம்பியது. பாறை எதிர்க்கரையில் நூறு மீட்டருக்கும் மேல் ஏறி நின்றது. ஏரியில் அப்போது இருந்த 11.5 கோடி கன மீட்டர் நீரில் ஒரு பெரும் பகுதி எகிறியது. எதிர்ப்பக்கம் காஸ்ஸோவின் கீழ்வீடுகள் வரை, ஏரிக்கு மேலே 200 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் போய் மோதியது. மேல்பக்கம் போன அலை ஏரிக்கரைக் குக்கிராமங்களை அழித்தது. சுமார் 2.5 கோடி கன மீட்டர் அணையைத் தாண்டி இடுக்கில் விழுந்தது. இடுக்கு ஒடுங்கியதால் நீர் பரவ வழியில்லை, வெளிவாயில் 70 மீட்டர் உயரச் சுவராக வந்தது. அதற்கு முன்னால் காற்று வந்தது. தப்பியவர்கள் பலர் அந்தக் காற்றைத்தான் முதலில் சொன்னார்கள்.

லோங்கரோனேயும் பிராகோ, ரிவால்த்தா, வில்லனோவா, ஃபயே குடியிருப்புகளும் போயின. காலையில் வந்த மீட்புப் படையினர் கண்டது வெள்ளைக் கல் நிறைந்த ஒரு சமவெளி. பிராகோவில் தேவாலய மணிக்கோபுரமும் ஒரு வீடும் மட்டும் நின்றன. கிடைத்த உடல்களில் ஏறக்குறைய பாதியை அடையாளம் காண முடியவில்லை.

ஏன் அவ்வளவு வேகம்

முல்லர் உட்பட எல்லாரும் எதிர்பாராதது வேகம். நாளுக்கு சென்டிமீட்டர் கணக்கில் ஊர்ந்தது, எப்படி நொடிக்கு 25 மீட்டர் ஓடியது? டோக் மலையின் சுண்ணாம்பு அடுக்குகளுக்கு இடையே மெல்லிய களிமண் படலங்கள் இருக்கின்றன. சில இடங்களில் அரை சென்டிமீட்டர், சில இடங்களில் ஒரு சாண் அளவு. சறுக்குத் தளம் இந்தப் படலங்களின் வழியே போனது. பழைய சரிவு ஏற்கெனவே தேய்த்து வழவழப்பாக்கிய களிமண் அது, உராய்வு மிகக் குறைவு. ஆனாலும் அந்த வேகத்துக்கு அது மட்டும் போதாது. நகர்வு வேகமெடுத்ததும் உராய்வுச் சூட்டில் களிமண்ணுக்குள் இருந்த நீரின் அழுத்தம் எகிறி, மிச்சமிருந்த பிடிமானத்தையும் அழித்தது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். இதன் நுணுக்கங்களில் இன்னும் விவாதம் நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1980களில் ஒரு முறை உருவானது. நகர்வு வேகத்தை அப்படியே வரையாமல், 1 என்ற எண்ணை அந்த வேகத்தால் வகுத்து, நாட்களுக்கு எதிரே வரைய வேண்டும். மலை உடையப்போகிறது என்றால் புள்ளிகள் ஒரு நேர்கோடாகப் பூஜ்யத்தை நோக்கி இறங்கும். கோடு தரையைத் தொடும் நாள்தான் சரியும் நாள். வயோண்டின் கடைசி வாரங்களின் அளவுகளை இப்படி வரைந்து பார்த்தபோது கோடு அக்டோபர் 9ஐ ஒட்டித் தரையைத் தொட்டது. அதே எண்கள், அதே குறிப்பேடு. 1963இல் இந்த வழி யாருக்கும் தெரியாது. ஆனால் வேகம் கூடுகிற வீதமே கூடிக்கொண்டு போகிறது என்பது வழி தெரியாமலே கண்ணில் படக்கூடியது.

யாருக்குத் தெரிந்திருந்தது

நிலவியல் தவறு ஒரு பாதி. மற்றொரு பாதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. விரிசலும் நகர்வும் மாதிரிச் சோதனையும் நிறுவனத்தின் சொந்தத் தகவல்களாக இருந்தன. கீழே இருந்தவர்களுக்கு அவற்றில் எதுவும் கிடைக்கவில்லை.

வெளியே பேசியவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது. லுனிதா நாளிதழின் செய்தியாளர் தீனா மெர்லின் 1959 மே மாதம் எர்த்தோ மக்களின் அச்சத்தை எழுதினார். பொது அமைதியைக் குலைக்கும் பொய்ச் செய்தி என்று அவர் மீது வழக்கு வந்தது. 1960 நவம்பர் 30 அன்று மிலான் நீதிமன்றம் அவரை விடுவித்தது, எழுதியதில் பொய் எதுவும் இல்லை என்று. 1961 பிப்ரவரியில் அவர் மறுபடி எழுதினார், 5 கோடி கன மீட்டர் மலை எர்த்தோவை மிரட்டுகிறது என்று. உண்மையில் வந்தது அதைவிட ஐந்து மடங்கு.

விசாரணை லாக்விலா நகருக்கு மாற்றப்பட்டு 1968இல் தொடங்கியது. அதற்கு முந்தைய இரவு, குற்றம் சாட்டப்பட்ட பொறியாளர் மாரியோ பன்சீனி தற்கொலை செய்துகொண்டார். 1971இல் உச்ச நீதிமன்றம் பேரிடரை முன்கூட்டியே அறிந்திருக்க முடியும் என்று தீர்ப்பளித்தது. தண்டனை நிலைத்தது பியாதேனேக்கும், அமைச்சகத்தின் பிரான்செஸ்கோ சென்சிதோனிக்கும் மட்டும். பியாதேனே சிறையில் இருந்தது ஓர் ஆண்டுக்குச் சற்று மேல். இழப்பீட்டைப் பங்கிடும் கணக்கு, அரசு, எனெல், சாடேயின் வாரிசான மோன்தெதிசோன் என்று மூன்று தரப்புக்கும் சமமாக, 2000இல்தான் முடிந்தது.

லோங்கரோனே அதே இடத்தில் மறுபடி கட்டப்பட்டது. எர்த்தோ, காஸ்ஸோ மக்களில் பலருக்கு மலைக்கு வெளியே சமவெளியில் புது ஊர் கிடைத்தது. 1971இல் அது தனி ஊராட்சி ஆனது, அதன் பெயரும் வயோண்ட். மேலே பள்ளத்தாக்கில் அணைக்குப் பின்னால் ஏரி இருந்த இடத்தில் மலை கிடக்கிறது, அதன் மேல் மரங்கள் வளர்ந்துவிட்டன. ஆற்று நீர் அந்தப் பக்கம் போக முடியாது. 1961இல் மலை விழும் என்று எதிர்பார்த்து வெட்டிய சுரங்கம் வழியாகத்தான் இன்றும் போகிறது.